பேராண்டியின் வெட்டிவேர்த் தண்ணிக் கம்பெனி

வாடா பேராண்டி, உக்காரு. வெட்டிவேர்த் தண்ணியப் பாட்டில்ல அடைச்சு விக்கப் போறியாமே! "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்"னு லேபிள் அடிக்கக்கூட ஆளைப் பாத்துட்டியாமே! சந்தோசம். நம்ம குறிஞ்சிப்பாடியில தறி ஓட்டுனவன் இருக்கான், லுங்கி வித்தவன் இருக்கான், முந்திரிக் கொல்லை குத்தகை எடுத்தவன் இருக்கான், நெய்வேலி மைன்சுக்கு ஷிப்டு போனவன் இருக்கான். கிருமியக் கொல்லக் கம்பெனி வெச்சவன் மட்டும்தான் பாக்கி இருந்தான். அந்தக் கொறையும் தீந்துது. என்னைச் சேர்மனாப் போடப் போறன்னு உங்கம்மா சொன்னா. சரி, சேர்மன் ஆவுறதுக்கு முன்னாடியே நாலு கேள்வி கேட்டுக்கறன். ஆனதுக்கப்பறம் சேர்மனுங்க எதுவும் கேக்கறது இல்லயாம், டிவியில பாத்தன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற கெழவனுக்கு என்னா தெரியும்னு நெனைக்காத. உங்க பெரியம்மா மவ சிதம்பரத்துல மைக்ரோபயாலஜி படிக்கிறா இல்ல, லீவுக்கு வந்தப்ப வெட்டிவேரைப் பத்தின கட்டுரையெல்லாம் போன்ல எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டுனா. இங்கிலீஷ்ல படிச்சா, தமிழ்ல சொன்னா, நடுவுல நான் கேள்வி கேட்டப்ப ரெண்டு மொழியிலயும் திட்டுனா. அவகிட்ட திட்டு வாங்கி நான் சேத்து வெச்சதை உனக்கு இப்ப சும்மாவே குடுக்கறன்.

மொதல்ல கொல்லையில இருந்து ஆரம்பிப்போம். நம்ம பக்கத்துலயே கடலோரமாப் போனா நொச்சிக்காடு, தியாகவல்லி, நஞ்சலிங்கம்பேட்டைன்னு மணல் ஊருங்க. வெட்டிவேருக்கு அந்த மணலுதான் சொர்க்கம். களிமண்ணுல வெச்சாலும் அது வளரும், புல்லுதானே. ஆனா புடுங்கறப்ப பாதி வேரு மண்ணுக்குள்ளயே நின்னுபோவும். மணல்ல நேரா கீழ எறங்கும், தோண்டுனா முழுசா வரும், உதறுனா சுத்தமாவும். நட்டு ஒரு வருசம், ஒண்ணரை வருசம் கழிச்சுத்தான் எடுக்கணும். நீ இந்த மாசம் லேபிள் அடிச்சு அடுத்த மாசம் லாபம் பாக்கணுங்கற. வேருக்கு உன் அவசரம் தெரியாது.

நம்ம தென்னாட்டு வகை சாதாரணமா விதை வெக்காது, தூரைப் பிரிச்சுத்தான் நடணும். வடநாட்டு வகை விதை வெக்கும். எண்ணெயிலயும் வித்தியாசம் உண்டு. ஒரே திசையில ஆடுற மாதிரி வடிகட்டுன வெளிச்சத்தை எண்ணெய் வழியா விட்டா, வடநாட்டு எண்ணெய் அதை இடப்பக்கம் திருப்புமாம், தென்னாட்டு எண்ணெய் வலப்பக்கம் திருப்புமாம். நான் அரசியல் பேசலை, கெமிஸ்ட்ரி பேசறன். லக்னோவுல 1959-ல ஆரம்பிச்ச சீமாப்ங்கற மத்திய மருந்து, நறுமணச் செடி ஆராய்ச்சி நிலையம் தாரிணி, கேசரி, குலாபின்னு ரகங்களை வெளியிட்டிருக்கு. குங்குமப்பூ வாசம் அடிக்கிறதுக்குக் கேசரி, ரோசாப்பூ வாசத்துக்குக் குலாபி. ரகத்துக்கு ரகம் வாசம் மாறுதுன்னா உள்ள இருக்கிற சரக்கும் மாறுதுன்னு அர்த்தம். உன் லேபிள்ல "வெட்டிவேர்"னு மட்டும் போட்டிருக்கியே, எந்தக் கொல்லை வேரு, எந்த ரகம், எத்தனை மாசத்துது? இதான் என் மொதல் கேள்வி. பதில் வேணாம், முழிக்கிறதுலயே தெரியுது.

அடுத்தது சரக்கு. வெட்டிவேரு எண்ணெயில நூத்துக்கும் மேல பொருளுங்க இருக்கு. பெரும்பாலும் செஸ்குவிடெர்பீன்னு ஒரு குடும்பம், ஒவ்வொண்ணுக்கும் 15 கார்பன் அணு. குசிமோல், ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன், இந்த மூணும்தான் அதுல ஊர்ப் பெரியவங்க. எண்ணெய் அசலா கலப்படமான்னு பாக்கறவங்க மொதல்ல இவங்களைத்தான் தேடுவாங்க. இதுல பீட்டா வெட்டிவோன் இருக்கே, அது பண்ண கூத்தைக் கேளு. 1939-ல ஐரோப்பாவுல ரெண்டு கெட்டிக்காரங்க அதோட அமைப்பு இதுதான்னு படம் போட்டாங்க. உலகமே அதைப் பாடமாப் படிச்சுது. 1967-ல அமெரிக்காவுல மார்ஷல்னு ஒருத்தர் பரிசோதனைச் சாலையில அதைச் செஞ்சு பாத்து, "அய்யா, நீங்க போட்ட படமே தப்பு"ன்னு நிரூபிச்சாரு. அத்தனை பெரிய மூளைங்களையே இருபத்தெட்டு வருசம் ஏமாத்துன வேருடா இது. ஒரு வாரம் வீடியோ பாத்துட்டு வந்த உன்னை ஏமாத்தறதுக்கு அதுக்கு எம்மாம் நேரம் ஆவும்?

வாசத்தோட கதை இன்னும் வேடிக்கை. அந்த நூத்துச் சில்லறைப் பொருள்ல வெட்டிவேருன்னு நம்ம மூக்குக்குச் சொல்றது எதுன்னு ரொம்ப நாளாத் தகராறு. குசிமோனா, வெட்டிவோனான்னு ஆளாளுக்கு ஒண்ணைச் சொன்னாங்க. 2021-ல ஜெர்மனியில பெஞ்சமின் லிஸ்டும் அவரோட கூட்டாளிங்களும் 2-எபி-சிசா-6(13)-என்-3-ஒன்னுங்கற பொருளை அடியிலேருந்து கட்டி, மோந்து பாத்து, இதுதான் ஆளுன்னு புடிச்சாங்க. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்சு போயிடும். எண்ணெயில அது இருக்கிறது கொஞ்சூண்டு, ஆனா மூக்குக்கு அந்தக் கொஞ்சமே போதும். அவரு வேலை பாக்கற எடம் எது தெரியுமா? மியூல்ஹைம் ஊருல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆராய்ச்சி நிலையம். அதே வருசம் வேற ஒரு கண்டுபிடிப்புக்காக அவருக்கு நோபல் பரிசும் வந்துது. நமக்கு மேற்கால நெய்வேலியில நிலக்கரி, கிழக்கால நொச்சிக்காட்டுல வெட்டிவேரு. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்துகிட்டு நாம என்னா பண்ணோம்? மத்தியானம் தூங்குனோம்.

இப்ப உன் கிருமிக்கு வரேன். வெட்டிவேருக்குக் கிருமியை அடக்கற குணம் இருக்கா? இருக்கு. இல்லைன்னு சொன்னா நான் பொய்யன். 1999-ல ஆஸ்திரேலியாவுல பெர்த்து ஊருல இருக்கிற மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துல ஹாமர், கார்சன், ரைலின்னு மூணு பேரு 52 செடி எண்ணெய், சாறெல்லாம் எடுத்து, பத்து வகைக் கிருமிங்க மேல போட்டுப் பாத்தாங்க. அதுல ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா, சீழ்க்கட்டி வெக்கறது, புண்ணுல ஏறி உக்கார்றது. அதை வெட்டிவேர் எண்ணெய் வெறும் 0.008 சதவீதத்துலயே வளரவிடாம நிறுத்திடுச்சு. 100 லிட்டருக்கு 8 மில்லிடா. அந்தப் பரீட்சையில எந்த எண்ணெயும் எந்தக் கிருமிக்கும் அதைவிடக் கொறைஞ்ச அளவுல நிக்கலை. நம்ம வேரு மொத ரேங்கு.

உடனே போனை எடுக்காத, முழுசா கேளு. அதே பரீட்சையில பத்துக் கிருமியையும் 2 சதவீதத்துக்குள்ள அடக்குனது மூணே எண்ணெய்தான்: எலுமிச்சைப்புல்லு, ஆரிகானோ, பே இலை. வெட்டிவேரு அந்தப் பட்டியல்ல இல்ல. ஒரு பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கிட்டு, மொத்தப் பரீட்சையில பாஸ் ஆவாத புள்ளை அது. அந்த நூறை மட்டும் ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரியற அப்பன் நீ.

ஏன் அப்படின்னு பெரியம்மா மவளைக் கேட்டன். 1884-ல டென்மார்க்குக்காரரு ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்னு ஒருத்தர் பாக்டீரியாவுக்கு ஊதாச் சாயம் ஏத்திப் பாத்தாராம். சிலது சாயத்தைப் புடிச்சு வெச்சுகிச்சு, சிலது விட்டுடுச்சு. புடிச்சுகிட்டது கிராம் பாசிடிவ், விட்டுட்டது கிராம் நெகடிவ். சாயத்தொட்டி பாத்த தறிக்கார ஊரு நாம, இது நமக்குப் புரியாதா? அந்த நெகடிவ் கூட்டத்துக்கு வீட்டுச் செவுத்துக்கு வெளிய இன்னொரு காம்பவுண்டு செவுரு உண்டு. வெட்டிவேருல இருக்கிற எண்ணெய்ச் சரக்கு அந்த வெளிச்செவுத்தைத் தாண்ட முடியாமத் தெருவுலயே நின்னுடும். சீழ்க்கட்டிக் கிருமிக்கு வெளிச்செவுரு இல்ல, அதனால மாட்டிகிச்சு.

இப்ப சொல்லு, நீ விக்கிறது என்னா? குடிக்கிற தண்ணி. தண்ணி வழியா வர்ற சீக்கு எது? காலரா, டைஃபாய்டு, சீதபேதி. அதைக் கொண்டார்ற பாக்டீரியா, விப்ரியோ, சால்மோனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலை, அத்தனையும் காம்பவுண்டு செவுரு வெச்ச பார்ட்டிங்க. நம்ம வேரு ஜெயிச்சது தோல்ல கட்டி வெக்கறவனை. நீ அதைக் கூட்டியாந்து வயித்துல ஓட்டம் வெக்கறவன் முன்னாடி நிறுத்தற. சோப்புக்குப் போற வேரைத் தண்ணிக்கு அனுப்புற.

கணக்கும் ஒதைக்குது. உன் பானையில 10 லிட்டர் தண்ணி. ஒரு பிடி வேரு, தாராளமா 20 கிராம்னு வை. காஞ்ச வேருல நூத்துக்கு ஒரு பங்கு எண்ணெய் இருந்தா நல்ல வேரு, பல கொல்லையில அதுக்கும் கீழதான். அப்ப 20 கிராம் வேருல இருக்கிறது 0.2 கிராம் எண்ணெய். பெர்த்துக்காரங்க கணக்குப்படி 10 லிட்டருக்கு 0.8 மில்லி வேணும். வேருல இருக்கிறதைச் சொட்டு விடாம உறிஞ்சிட்டாலும் கால்வாசிதான் தேறுது. சொட்டு விடாம எங்க வரும்? காய்ச்சி வடிக்கிறவன் ஆவியை விட்டுகிட்டுப் பதினெட்டு மணி நேரம், இருபத்துநாலு மணி நேரம்னு அண்டா பக்கத்துலயே கெடக்கான். அவ்வளவு சூட்டுக்கே அது சோம்பல் முறிச்சுகிட்டுத்தான் எறங்குது. நீ பச்சைத் தண்ணியில ராத்திரி ஊறப் போட்டுட்டு, காலையில ஆஸ்பத்திரியை மூடிடலாங்கற. பெர்த்துக்காரங்ககூட எண்ணெய் தண்ணியில மிதந்துடக் கூடாதுன்னு அதைக் கரைச்சு வெக்க ஒரு சாமானைச் சேத்துத்தான் பரீட்சை வெச்சாங்க.

"வாசம் வருதே தாத்தா"ங்கற. வரும்டா. மூக்குக்கு ஆவுற அளவு வேற, கிருமிக்கு ஆவுற அளவு வேற. மூக்கு துளிக்கே மயங்கிடும். கிருமிக்கு மூக்கு கெடையாது.

இன்னொண்ணையும் கேட்டுக்க. ஆறு நாளா ஊறுன வேரை எடுத்துத் தடவிப் பாத்திருக்கியா? வழவழன்னு இருக்கும். அந்த வழவழப்பு மருந்து இல்ல, கிருமிங்க ஒண்ணாச் சேந்து குடித்தனம் வெச்சிருக்கிற மெத்தை. கிருமியைக் கொல்ல நீ போட்ட வேரு மேலயே அதுங்க காலனி கட்டிடுச்சு. ரெண்டு நாளைக்கு ஒருக்க வேரை எடுத்து நல்ல வெயில்ல காயப் போடணும். தண்ணிய முன்கூட்டியே கொதிக்க வெச்சு ஆறவிடணும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல. இந்தாண்ட வடலூர்ல 1867-ல தருமசாலை கட்டிச் சோறு போட ஆரம்பிச்சாரே ராமலிங்க சாமி, அவரே பச்சைத் தண்ணி குடிக்காத, நல்லாச் சுண்டக் காய்ச்சிக் குடின்னுதான் எழுதி வெச்சிருக்காரு. மூலிகைங்களோட குணத்தைப் பட்டியல் போட்ட மனுசன் அவரு. மூலிகை தெரிஞ்சவரே அடுப்பைத்தான் நம்புனாரு. லேபிள் தெரிஞ்ச நீ அடுப்பை விட்டுட்ட.

சரி, இப்பத்தான் பெரிய கூத்து. கிருமியக் கொல்ற வேருன்னு நீ சொல்ற இல்ல, அந்த வேருக்கு வாசம் எங்கேருந்து வருது? 2004-ல அமெரிக்காவுல ராபர்ட் ஆடம்சும் கூட்டாளிங்களும் பாக்டீரியா, பூஞ்சை எதுவும் இல்லாம சுத்தப்படுத்துன வெட்டிவேரையும், மண்ணுல கெடந்த சாதாரண வெட்டிவேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. சுத்தக்காரன் வேருல அந்த எண்ணெய்ச் சரக்கு தேறலை. 2008-ல இத்தாலிக்காரங்க இன்னும் உள்ள போயி, வேருல எண்ணெய் சுரக்கிற செல்லுங்களுக்குள்ளயே பாக்டீரியா குடியிருக்கிறதைப் பாத்தாங்க. அதுங்களைத் தனியா எடுத்து வளத்தா, செஸ்குவிடெர்பீன் சரக்கைத் தின்னுட்டு, வெட்டிவேர் எண்ணெய்க்கே உரிய பொருளுங்களைப் பலதா வெளிய விட்டுதாம். 2015-ல ஜெர்மனியில ஒரு கூட்டம், சிசாயீன்னு அடிப்படைச் சரக்கைச் செய்யற நொதி வேருக்குச் சொந்தமாவே இருக்குன்னும் காட்டுனாங்க. ஆவ, செடி அடித்தளம் போடுது, பாக்டீரியா மேல வேலைப்பாடு பண்ணுதுன்னு வெச்சுக்க.

புரியுதா? கிருமியோட கூட்டு வெச்சு வாசம் செய்யற வேரை, கிருமிக்கு எமன்னு பானர் கட்டி வெச்சிருக்க. உள்ள குடியிருக்கிறவனுக்குத் தெரிஞ்சா கோவிச்சுகிட்டுக் காலி பண்ணிடுவான், அப்பறம் உன் பாட்டில்ல வாசமும் இருக்காது.

அதுக்காக வெட்டிவேரு மருந்தே இல்லன்னு நான் சொல்லலை. 2012-லயும் 2017-லயும் டெங்கு வந்தப்ப அரசாங்கமே ஊருக்கு ஊரு குடுத்துதே நிலவேம்புக் குடிநீர், அதுல ஒம்பது சரக்கு. நிலவேம்பு, வெட்டிவேரு, விலாமிச்சை வேரு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒம்பதுல ஒண்ணாத்தான் வெச்சிருக்காங்க பாத்தியா, தனியாளா நிறுத்தி மாலை போடலை. சித்த வைத்தியத்துல அதுக்குச் சூடு தணிக்கிற வேலை. அந்த வேலைக்கு அதை விடு.

விலாமிச்சைன்னதும் ஞாவகம் வருது. மருந்துக்கடையில வெட்டிவேரு கேட்டா வேற எதையாவது பொட்டலம் கட்டிடுவான், வாங்கறவனுக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்டிவேரு புல்லு ஜாதி. விலாமிச்சை துளசிக் குடும்பம். ரெண்டும் மணக்கும், ரெண்டும் வேரு, ஆனா உள்ள இருக்கிற சரக்கு வேற. வேருன்னா எல்லாம் சாதுன்னும் நெனைக்காத. சித்திரமூலம் இருக்கே, கொடிவேலி, அதோட வேருல பிளம்பாஜின்னு மஞ்சச் சரக்கு. அது கிருமியை அடக்கறதுல சூரன். பச்சையா அரைச்சுத் தோல்ல வெச்சுப் பாரு, உன்னையும் கொப்புளமாக்கிடும். அதனாலதான் வைத்தியருங்க அதைச் சுத்தி செய்யாமத் தொடறது இல்ல. நம்மளை ஒண்ணும் பண்ணாம கிருமியை மட்டும் கொல்லணும், அங்கதான் மருந்துக்காரன் வேலையே இருக்கு. கொல்றதுன்னா வெறகு நெருப்பும்தான் கொல்லும்.

லேபிளுக்கு வரேன். மருந்து, மந்திர நிவாரணம்னு சொல்லி ஆட்சேபகரமா விளம்பரம் பண்றதைத் தடுக்க 1954-லயே சட்டம் போட்டாச்சு. நானே அப்ப டவுசர் போடலை. சித்த மருந்துன்னு தயாரிச்சு வித்தா லைசென்சு வேணும், குடிதண்ணின்னு வித்தா உணவுப் பாதுகாப்பு உரிமம் வேணும். 99.9-ன்னு நம்பர் போட்டா, அந்தப் புள்ளிக்கு அப்பறம் இருக்கிற ஒம்பதை எங்க எண்ணுனன்னு கேப்பான். "கூகுள்ல"ன்னு சொல்லிப் பாரு, சேர்மன்னு என்னையும் சேத்து இழுத்துகிட்டுப் போவான்.

இனிமே எவன் வந்து "இது கிருமியக் கொல்லும்"னு சொன்னாலும், மாமனாரா இருந்தாலும் சரி, மூணே கேள்வி கேளு. எந்தக் கிருமியை? எவ்வளவு போட்டா? எதுல, கண்ணாடித் தட்டுலயா மனுசன் ஒடம்புலயா? அந்த 0.008 சதவீதம் கண்ணாடித் தட்டுல வளரவிடாம நிறுத்துன கணக்குடா. நிறுத்தறது வேற, சாவடிக்கிறது வேற. தட்டுல நின்னது ஒடம்புக்குள்ள நிக்குமான்னு பாக்க இன்னும் எத்தனையோ படி ஏறணும். மூணுக்கும் பதில் சொல்றவன்கிட்ட காசு குடு. "எங்க தாத்தா காலத்துலேருந்தே..."ன்னு ஆரம்பிக்கிறவன்கிட்ட ஜாக்கிரதை. தாத்தா நானே சொல்றன்.

சரி, பணம் பண்ற வழி இல்லயான்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. இருக்கு. வெட்டிவேர் எண்ணெய் லேசுல ஆவியாவாது. அதனால அத்தர், சென்ட்டு செய்யறவங்க மத்த வாசம் பறந்துடாமக் கட்டி வெக்க இதைக் கலக்கறாங்க. ஹைத்தியில இதை மலை மலையா வெளைய வெச்சு உலகத்துக்கே ஏத்தறான், ஜாவாவுலயும் ரீயூனியன் தீவுலயும் செஞ்சாங்க. சோப்புல போடு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில போடு, பொட்டிக்குள்ள துணி நடுவுல வெக்கற பொட்டலமாப் போடு, கோடைக்குத் தட்டி கட்டு. தோல் சமாச்சாரம்னா அந்தக் கட்டிக் கிருமி ஆராய்ச்சியாவது நம்ம பக்கம் நிக்கும். அதையும் உன் சோப்பை நல்ல லேப்ல குடுத்துப் பாத்துட்டுப் பேசு.

ஒண்ணு மட்டும் கவனம். இந்தப் புல்லோட வேரு ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு ஆழம்கூட எறங்கி மண்ணைப் புடிச்சுக்கும். கரை சரியாம இருக்க இதை நடுங்கன்னு 1980-கள்ல உலக வங்கி ஆளுங்களே நம்ம நாட்டுல வந்து சொன்னாங்க. ஆனா எண்ணெய்க்குத் தோண்டுனா அதே மண்ணு லூசாயிடும். ஏரிக்கரை, ஓடைக்கரையில இருக்கிறதைத் தொடாத. மண்ணு வேணும்னா வேரை விடு, வேரு வேணும்னா அதுக்குன்னு கொல்லையை ஒதுக்கு. ரெண்டையும் ஒரே எடத்துல கேட்டா மழைக்காலத்துல ரெண்டும் போவும்.

கடைசியா ஒரு வேலை. நாளைக்குப் பெரியம்மா மவளைக் கூட்டிகிட்டு நொச்சிக்காட்டுக்குப் போ. கொல்லையில நாலு எடத்துல வேரும் மண்ணும் எடுத்துக் குடுத்து, உள்ள எந்தெந்த பாக்டீரியா குடியிருக்குன்னு பாக்கச் சொல்லு. நம்ம கடலோர மணல்ல இருக்கிற கூட்டம் நம்ம வேருக்குன்னு தனி வாசம் குடுக்குதுன்னு தெரிஞ்சா, அதாண்டா உன் கம்பெனிக்கு மொதலு, ஊருல வேற எவன்கிட்டயும் இல்லாத மொதலு. அதுக்காக "கிருமி வளத்த வாசம்"னு உண்மையை லேபிள்ல போட்டுடாத, ஒருத்தனும் வாங்க மாட்டான். "கிருமி கொல்லும்"னு பொய்யையும் போடாத, வாங்குனவன் வயித்தால போயிட்டு வந்து உன்னை ஒதைப்பான். கிருமிப் பேச்சையே எடுக்காம "வாசம் நல்லாருக்கும்"னு மட்டும் போடு. மூக்கு இருக்கிறவன் வாங்கிக்குவான்.